வேற எங்க பேசிட்டிருக்கீங்க?

சக்கரை என்று அவனுக்குப் பெயர் வைத்தது சின்னவளின் வீட்டுக்காரர்தான். அவன் போனில் பேசுவதை ஸ்பீக்கரில் ஒரே ஒரு தடவை கேட்டார். "அய்யய்யோ, காதுல எறும்பு ஏறுது" என்று எழுந்து போய்விட்டார். மனிதர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க கிரீஸில் கையை விட்டுக்கொண்டிருப்பவர். வழவழப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

சின்னவளுக்கும் அது சொந்தப் பெயரில்லை. கடைசியாகப் பிறந்தவள் என்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். காதோரம் நரைத்து, முழங்கால் வலிக்க ஆரம்பித்த பிறகும் அவள் சின்னவள்தான். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பிளானிங் பார்த்தவள். எந்த மெஷினில் எந்த ஆர்டர் எப்போது ஏற வேண்டும், எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. எல்லாம் நேரத்துக்குப் போனால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு லாரி தாமதமானால் போதும், வாட்ச்மேன் முதல் முதலாளி வரை அவள் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலையை வேறொருவன் வாங்கினான். அவனிடம் ஏற்கெனவே பிளானிங்குக்கு ஆள் இருந்தது. இவளுக்கு ஒரு பூச்செண்டு கொடுத்து, எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பூ வாடியது. வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் லிஃப்ட் பார்க்கப் போக ஆரம்பித்தார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

அந்த நாட்களில்தான் போனில் வீடியோ போடுகிற ஒரு கோட்டு சூட்டு ஆசாமியைப் பிடித்தாள். வேலை தேடுகிறவர்களுக்கு யோசனை சொல்கிறவன். "ஆள் எடுத்துத் தருகிற கன்சல்டன்ட் உங்கள் வேலைக்காரன் இல்லை, உங்கள் நண்பன். அவனிடம் கேட்பதற்கு முன்னால் அவனுக்கு எதையாவது கொடுங்கள். நீங்கள் அவனுக்கு உதவினால் அவன் உங்களை மறக்க மாட்டான்" என்றான். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. அதையெல்லாமா ஒருவன் சொல்லித் தர வேண்டும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் அதே எரிச்சல்தான்.

அதைக் கேட்டு அவள் தேடிப் போன கன்சல்டன்ட்தான் சக்கரை. அவன் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படி முழுக்க ரப்பர் நாற்றம். கதவைத் திறந்தால் ரோஜா வாசனை ஸ்பிரே. இரண்டும் கலந்து மூக்கில் ஏறி, அங்கே போய் வந்த நாளெல்லாம் சின்னவளுக்குச் சாப்பாடு இறங்காது. உள்ளே வரிசையாகப் பெண்பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு ஒரே மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சக்கரை. முப்பது வயசுகூட இருக்காது. கையில் எப்போதும் ஏதோ கிரீம் தடவியிருப்பான். கை குலுக்கினால் நம் கையிலும் அந்த ஈரம் ஒட்டிக்கொள்ளும். மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய டாஃபி.

"அக்கா, எடுத்துக்கங்க" என்றான் முதல் நாளே. "உங்களைப் பாத்தா எங்க சொந்த அக்கா மாதிரியே இருக்கு."

அந்த 'அக்கா' அவளுக்கு ஜில்லென்று இருந்தது. மாதக்கணக்கில் யாரும் பதில் போடாத ஒருத்திக்கு, உறவு சொல்லி ஒருவன் கூப்பிட்டால் அப்படித்தான் இருக்கும். போனில் எல்லாப் பெண்களையும் அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான் என்பது காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

அவளுடைய வேலை, சம்பளம், அனுபவம் எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு டாஃபியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, சர்வ சாதாரணமாகக் கேட்டான். "வேற எங்க பேசிட்டிருக்கீங்க, அக்கா?"

அவள் தயங்கினாள்.

"ஏன் கேக்கறேன்னா, நானும் அங்கயே உங்க பேரை அனுப்பிட்டேன்னு வைங்க. ரெண்டு பக்கத்துலேருந்து ஒரே பேர் வந்தா உங்களுக்குத்தானே அசிங்கம்? உங்க நல்லதுக்குத்தான்."

நியாயமாகத்தான் பட்டது. சொன்னாள். இதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். ஆள் கிடைப்பது அவனுக்குக் கஷ்டமே இல்லை, வேலையில்லாமல் ஊரே நிற்கிறது. எந்தக் கம்பெனியில் இடம் காலி என்று தெரிவதுதான் கஷ்டம். அது வேலை தேடி அலைகிறவன் வாயில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையிலேயே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, 'ஆள் வேணுமாமே, என்கிட்ட இருக்கே' என்று பல்லைக் காட்டலாம். ஒழுங்காகத் தொழில் பண்ணுகிறவர்களும் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். அவர்கள் யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை, அதனால் சின்னவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பழைய தொழிற்சாலையில் அட்டை வெட்டும் மெஷின் ஓட்டிய ஒரு ஆளின் நம்பரை அவனுக்குக் கொடுத்தாள். அந்த ஆளுக்கு உடனே வேலை கிடைத்தது. வீட்டுக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் சிலருடைய நம்பரையும் அவனுக்குக் கொடுத்தாள். தினமும் காலையில் சக்கரையிடமிருந்து ரோஜாப்பூ படத்தோடு ஒரு வணக்கம் வரும். இவளும் ஒரு வணக்கம் போடுவாள். அவன் பிறந்தநாளுக்கு வாழ்த்து, அவன் கார் வாங்கியதற்கு வாழ்த்து. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, ஐஸ் வெக்கறியா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் உறவை வளத்துக்கறது."

"யாரு யாரை வளக்கறாங்கன்னு பாத்துக்கோ" என்றார் அவர், ஸ்பானரைத் துடைத்தபடி.

இனி அண்ணியைச் சொல்ல வேண்டும். சின்னவளின் அண்ணன் சரக்கு லாரி ஓட்டுபவர். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. அவருக்கு இந்த அண்ணியைக் கட்டி வைத்ததே சின்னவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டு டப்பாவில் கை விட்டவர்கள். 'இவளை விட்டால் நமக்கு வேற ஆள் கிடைக்காது' என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்று முடித்து வைத்தாள். அண்ணி இப்போது மருந்துப் பெட்டி அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் பிளானிங். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வேலை. அங்கே பிளானிங் என்றால் அவள் ஒருத்திதான்.

ஒரு நாள் அண்ணி கூப்பிட்டு அனுப்பினாள். போனால், சமையலறையில் வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"கர்ப்பப்பையில கட்டியாம். ஸ்கேன் எடுக்கப் போனப்ப நீயும் வந்தியே, அது இதுக்குத்தான். பயப்படற மாதிரி இல்லையாம், ஆனா எடுத்தே ஆகணுமாம்."

"ஐயோ அண்ணி."

"ஐயோங்காதே. கேளு. எங்க மேனேஜர் ஒரு தும்மல் பேர்வழி. யாராவது தும்மினா மூக்கைப் பொத்திக்கிட்டு அடுத்த ரூமுக்கு ஓடுற ஆளு. ஆபரேஷன்னு இப்பவே சொன்னா, இந்த வருஷம் கையெழுத்தே போட மாட்டான். அதனால பெரிய ஆர்டர் ஒண்ணு லாரி ஏறட்டும். அவன் சந்தோஷமா இருக்கறப்ப, உன்னைக் கையோட கூட்டிட்டுப் போறேன். 'நான் திரும்பி வர்ற வரைக்கும் எங்க நாத்தனார் பாத்துப்பா'ன்னு சொல்றேன். புது மெஷின் வேற வருது. அதுக்கப்புறம் ஒரு ஆள் பத்தாது. உன் வேலையை ஒரு தடவை பாத்தான்னா விட மாட்டான்."

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றில் கத்தி வைக்கப் போகிற நேரத்திலும் இவள் நமக்கு வழி பார்க்கிறாளே!

"அதுவரைக்கும் யார் காதுலயும் விழக் கூடாது" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன்கிட்டயே இன்னும் சொல்லல. வண்டி ஓட்டறப்ப மனசு குழம்பிடும்."

"என்னைத் தெரியாதா அண்ணி உங்களுக்கு?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது மட்டும்தான். ஒரு ஆர்டர் லாரி ஏறுகிற வரைக்கும். காத்திருக்கவே மாட்டாதவளா அவள்? லாரிக்காகக் காத்திருப்பதுதானே அவள் ஆயுசு முழுக்கப் பார்த்த வேலை!

கொஞ்ச நாளாக சக்கரையிடமிருந்து ரோஜாப்பூ வரவில்லை. இவள் போட்ட வணக்கத்துக்கும் பதில் இல்லை. மனசு தவித்தது. இப்படியும் ஒரு கேவலம் உண்டா என்று நினைக்கிறேன். கட்டின புருஷன் சாப்பிட்டாரா என்று கேட்க மறந்தவள், ஒரு டாஃபிக்காரன் வணக்கம் சொல்லவில்லையே என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மத்தியானம் அவனே கூப்பிட்டான். குரலில் சுரத்தே இல்லை.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு அக்கா. உங்க பேரை எங்க அனுப்பினாலும், 'இவங்க வேலை விட்டு ரொம்ப நாள் ஆச்சே'ங்கறாங்க. இனிமே நான் என் கழுத்தைக் கொடுத்துத்தான் உங்களுக்குப் பேசணும்."

"அப்படியெல்லாம் விட்டுடாதீங்க தம்பி."

"விடுவேனா? ஆனா நீங்களும் எனக்குக் கொஞ்சம் கை கொடுக்கணும். வேற எங்க பேசிட்டிருக்கீங்க? ஏதாவது அசைவு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. ஆனா நாளாகும்."

"அட, சொல்லவே இல்லையே! எந்தப் பக்கம்?"

"மருந்துப் பெட்டி அடிக்கற கம்பெனி. அதெல்லாம் இப்ப வெளிய சொல்லக் கூடாது தம்பி."

"நான் என்ன வெளியாளா?" என்று சிரித்தான். "ஊர்ல அது ஒண்ணு ரெண்டுதானே இருக்கு. புது இடமா, இல்ல யாராவது போறாங்களா?"

"போறாங்கன்னு இல்ல... பிளானிங்ல இருக்கறவங்களுக்கு ஒரு ஆபரேஷன். கொஞ்ச நாள் லீவு. திரும்பி வந்துடுவாங்க."

"ஓஹோ. மேனேஜருக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

அந்தப் பக்கம் டாஃபித் தாள் பிரிகிற சத்தம் கேட்டது. "நீங்க கவலையே படாதீங்க அக்கா. உங்க தம்பி நான் இருக்கேன்" என்றான். மறுநாள் காலையில் ரோஜாப்பூ வந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது என்பதைச் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது. ஆனால் மலர்ந்தது.

அன்று சாயந்திரம் அண்ணி போனில் கூப்பிட்டாள். அழவில்லை. அவள் கோபம் வந்தால் ரொம்ப மெதுவாகப் பேசுகிறவள்.

"எவனோ கன்சல்டன்சிக்காரன் மேனேஜருக்குப் போன் பண்ணி, 'உங்க பிளானிங் அம்மா ஆபரேஷனுக்குப் போறாங்களாமே, ஆள் ரெடியா இருக்கு'ன்னானாம். மேனேஜர் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே என்கிட்ட பேசறான். 'உடம்பைப் பாத்துக்கங்க, இனிமே சிரமப்படாதீங்க, இந்தத் தடவை ஒப்பந்தம் வேணாம்'ங்கறான். நோயை மறைச்சிட்டேனாம். என் வயித்துல இருக்கற கட்டி அவனுக்கு ஒட்டிக்குமாம்!"

சின்னவள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"எந்த நாய் சொல்லிச்சுன்னுதான் தெரியல" என்றாள் அண்ணி. "உனக்கும் எனக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்குமே தெரியாது."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. அதிலிருந்து வந்தது வேறு. "அந்த ஸ்கேன் சென்டர் கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சே அண்ணி. ரிப்போர்ட்டைக் கொடுக்கறப்ப ஒரு மாதிரி முழிச்சுது."

"அவளா?"

"அவளாத்தான் இருக்கும். இவங்களுக்கெல்லாம் வெளியில ஆள் இருக்கும் அண்ணி. பேரு, நம்பர் எல்லாம் வித்துடுவாங்க."

சீ! எப்படி வந்தது அந்தப் பேச்சு? யோசித்துச் சொன்னது மாதிரி கோர்வையாக வந்தது. போனை வைத்த பிறகு பாத்ரூமுக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். வீட்டுக்காரர் வெளியிலிருந்து, "என்ன, எதையாவது கெட்டுப்போனதைத் தின்னுட்டியா?" என்று கேட்டார்.

மறுநாள் அண்ணி ஸ்கேன் சென்டருக்கே போய், கவுன்ட்டரில் இருந்த பெண்ணை எல்லோர் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வந்தாளாம். அதை அவள் சொல்லச் சொல்ல, சின்னவள் 'உம்' கொட்டினாள்.

சக்கரையிடமிருந்து அழைப்பு வந்தது. குதியாட்டம் போடுகிற குரல்.

"அக்கா, சொன்னேனா இல்லையா? மருந்துப் பெட்டிக் கம்பெனி! நேர்ல வரச் சொல்லிட்டாங்க. உங்களுக்காகவே உள்ள புகுந்து வேலை பண்ணினேன்."

"தம்பி... அவங்க திரும்பி வந்துடுவாங்கன்னு சொன்னேனே. லீவுன்னுதானே சொன்னேன்."

"அதெல்லாம் கம்பெனி முடிவு அக்கா. நாம என்ன பண்ண முடியும்? நீங்க எனக்கு உதவினீங்க, நான் உங்களுக்கு உதவறேன். அவ்வளவுதான்."

போகக் கூடாது என்று அன்று முழுக்க நினைத்தாள். வீட்டுக்காரர் அன்றைக்கும் வேலை முடிந்து வந்து, சாப்பிடாமலேயே சோபாவில் தூங்கிப்போனார். அவருடைய விரல் நகத்தில் கிரீஸ் கட்டிப்போயிருந்தது. போனாள்.

வரவேற்பறையில் இன்னும் இரண்டு பேர் பைலோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரையும் சக்கரைதான் அனுப்பியிருந்தான். அதில் ஒருத்தி, சின்னவள் முன்பு நல்லெண்ணத்தில் அவனுக்கு நம்பர் கொடுத்த பழைய தொழிற்சாலைப் பெண். "நீங்களும் வந்திருக்கீங்களா அக்கா?" என்று அவள் கேட்டபோது, சின்னவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே புகுந்து வேலை பண்ணினானாம், உள்ளே புகுந்து!

தும்மல் மேனேஜர் மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அவள் டக்டக்கென்று சொன்னாள். எப்படிச் சொல்லாமல் இருப்பாள்? அந்தக் கம்பெனியின் மெஷின், ஆர்டர், லாரி எல்லாம் அண்ணி வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

"அப்ப திங்கட்கிழமை வந்துடுங்க."

அவளைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். ஜன்னலோரம் மேஜை. நாற்காலியில் முதுகுக்கு வைக்கிற சின்னத் தலையணை ஒன்று. அண்ணி தன் பழைய சேலையில் தைத்தது. அந்தச் சேலை எடுக்கக் கடைக்குக் கூடப் போனவளே சின்னவள்தான். மேனேஜர் ஒரு காகிதத்தை எடுத்து, அந்தக் காகிதத்தால் தலையணையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"இதை எடுத்துட்டுப் போகச் சொன்னேன், விட்டுட்டுப் போயிட்டாங்க. சுகமில்லாதவங்க பொருள். குப்பையில போட்டுடறேன், நீங்க தொடாதீங்க."

"கொடுங்க" என்றாள் சின்னவள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த ஆளின் மூஞ்சியைப் பார்க்கவே அவளுக்குக் குமட்டியது. ஆனால் இந்த மூஞ்சியிடம் அண்ணியைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நினைத்ததும், அவர்மேல் வந்த குமட்டல் அப்படியே அவள்மேல் திரும்பியது.

அங்கிருந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து தலையணையை எடுத்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

"அங்க போயிருந்தியா?"

"ஆமாம் அண்ணி."

"கிடைச்சுதா?"

"திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

அண்ணி கொஞ்ச நேரம் தலையணையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "போகட்டும். எவளோ வந்து உக்காரறதுக்கு நீ உக்காந்தா நல்லதுதான். என் மனசு ஆறுதலா இருக்கும்" என்று சொல்லி, சின்னவளின் கையைப் பிடித்தாள். சூடான கை. வெந்நீர்ப் பையைப் பிடித்திருந்த சூடு.

அந்தக் கையைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. இழுத்துக்கொண்டாள். "நான்தான் அண்ணி."

"என்ன நான்தான்?"

"அந்தக் கன்சல்டன்சிக்காரன்கிட்ட சொன்னது நான்தான். வேற எங்க பேசறீங்கன்னு கேட்டான். சொல்லிட்டேன். உங்க பேரைச் சொல்லல. ஆனா சொல்லிட்டேன்."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். ரோஜாப்பூ, டாஃபி, கோட்டு சூட்டு ஆசாமி, எல்லாம். அண்ணி மடித்த துணியைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அந்த ஸ்கேன் பொண்ணு அழுதா, தெரியுமா?" என்றாள் கடைசியில். "'நான் சொல்லல மேடம், என்னை வேலையை விட்டு எடுத்துடுவாங்க மேடம்'னு அழுதா. நான் நம்பல. நீ சொன்னதை நம்பினேன்."

சின்னவள் தலை நிமிரவில்லை.

"அந்த ஆளோட நம்பரைக் கொடு."

"எதுக்கு அண்ணி? அவன் ஒரு..."

"கொடுன்னேன். எனக்கும் இப்ப வேலை வேணுமில்ல?"

அண்ணியே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கட்டில்மேல் வைத்தாள். மருந்துப் பெட்டி, பிளானிங், இத்தனை வருஷ அனுபவம் என்று நிதானமாகச் சொன்னாள். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. சக்கரை ஒழுகினான்.

"உங்க குரலைக் கேட்டாலே எங்க சொந்த அக்கா பேசற மாதிரியே இருக்கு. கவலையே படாதீங்க. சரி அக்கா, வேற எங்க பேசிட்டிருக்கீங்க? உங்க ஆளுங்க யாராவது எங்கயாவது சேர்றாங்களா, எங்கயாவது விடறாங்களா? ஏதாவது அசைவு?"

அண்ணி நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். சொல்ல அண்ணியிடம் எவ்வளவோ இருந்தது. 'ஒருத்தி திங்கட்கிழமை புதுசா சேர்றா, அவளைப் பத்தி அந்த மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க' என்று சொன்னால் போதும். சொல்லட்டும், நன்றாகச் சொல்லட்டும், அப்போதாவது கணக்கு நேராகும் என்றுகூட சின்னவளுக்குத் தோன்றியது.

"அது மத்தவங்க சமாச்சாரம் தம்பி" என்றாள் அண்ணி. "அதை நான் சொல்றதுக்கில்ல."

"இல்லக்கா, உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன். ரெண்டு பக்கத்துலேருந்து ஒரே பேர் போயிட்டா..."

"என் பேரை அனுப்பறதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனின்னு என்கிட்ட கேளுங்க. சரியா வேணாமான்னு நான் சொல்றேன். மத்தவங்க கதை எதுக்கு?"

சக்கரையின் குரலில் இருந்த சக்கரை அங்கேயே கரைந்துபோனது. "பாக்கறேன்" என்றான். மேடம் என்றுகூடச் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டான்.

"அவ்வளவுதான்" என்றாள் அண்ணி. "அவன் கடிச்சானா? அடிச்சானா? வெச்சுட்டான். அவ்வளவுதான்."

சின்னவள் எழுந்தாள். "நான் அந்த வேலைக்குப் போகல அண்ணி. நாளைக்கே வேணாம்னு சொல்லிடறேன்."

"போ" என்றாள் அண்ணி.

"எப்படி அண்ணி போவேன்? எந்த மூஞ்சியோட உங்க நாற்காலியில..."

"வேணாம்னு சொன்னா நீ நல்லவளாயிடுவே." அண்ணியின் குரல் மெதுவாகிவிட்டது. "என் பொழப்பும் போச்சு, உன் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையும் லிஃப்டுல தொங்குவாரு, ஆனா நீ மட்டும் வேலையைத் தூக்கிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவே. அதுக்கு நான் விட மாட்டேன். போய் உக்காரு. தினமும் உக்காரு. முதல்ல அந்த ஸ்கேன் சென்டருக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்ட உன் வாயால சொல்லிட்டு வா. அப்புறம் போய் உக்காரு."

தலையணையை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"அந்த நாற்காலி பின்னாடி சாயும். இது இல்லாம முதுகு போயிடும்."

சின்னவள் தலையணையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் போன் சிணுங்கியது. ரோஜாப்பூ. 'வாழ்த்துகள் அக்கா! உள்ள போயிட்டீங்க. அங்க அடுத்து யாரு லீவுல போறாங்க, யாருக்கு உடம்பு முடியலன்னு தம்பிக்குச் சொல்லுங்க. நீங்க எனக்கு, நான் உங்களுக்கு.'

குப்பைத் தொட்டி ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஸ்கேன் சென்டருக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய், தலையணையை வைத்து உட்கார்ந்தாள். அண்ணி சொன்ன மாதிரியே நாற்காலி பின்னால் சாய்ந்தது.